கென்டக்கி டெர்பியில் எலிசபெத் அரசி: கடலின் இருகரைக்கும் ஒரே வம்சாவளி

பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் 2007 மே மாதத்தின் முதல் வாரத்தில் அமெரிக்காவுக்கு மேற்கொண்ட அரசுமுறைப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன: ஒன்று, வெர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் ஆங்கிலேயக் குடியேற்றம் நிறுவப்பட்டதன் 400ஆம் ஆண்டு நிறைவு, மற்றொன்று, வாஷிங்டனில் அதிபர் ஜார்ஜ் புஷ் அளித்த விருந்து. இவ்விரண்டுக்கும் நடுவே அவர் கென்டக்கி மாநிலத்துக்குச் சென்று, மே 5 சனிக்கிழமையன்று லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் திடலில் நடைபெற்ற 133ஆவது கென்டக்கி டெர்பி பந்தயத்தை, எலுமிச்சைப் பச்சை நிற மேலங்கியும் தொப்பியும் அணிந்து, கணவர் இளவரசர் பிலிப்புடன் கண்டார். அன்று திடலில் கூடியிருந்தவர்கள் 1,56,635 பேர். வெளிப்பார்வைக்கு இது அலுவல்களுக்கு இடையே கிடைத்த ஓய்வுநாளாகத் தோன்றினாலும், பந்தயக் குதிரை வளர்ப்பு எந்த விதிகளின்படி நடக்கிறது, அதில் இங்கிலாந்தும் கென்டக்கியும் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்திருக்கின்றன என்பவற்றை அறிந்தவர்களுக்கு, அவர் அங்கே சென்றது விருந்தாளியாக மட்டுமன்று, அந்தத் தொழிலின் பங்காளியாகவும்தான் என்பது விளங்கும்.

பெயரும் பந்தயமும்

டெர்பி என்பது முதலில் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பட்டப்பெயர். லண்டனுக்குத் தெற்கே எப்சம் மேட்டில் 1780ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பந்தயத்துக்கு, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான 12ஆம் டெர்பி பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம் என்பது அதன் அடிப்படை விதி. ஆகவே ஒரு குதிரைக்கு அதன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அந்த வாய்ப்பு கிட்டும். 1872இல் ஐரோப்பாவுக்குப் பயணம் செய்த மெரிவெதர் லூயிஸ் கிளார்க் என்ற கென்டக்கி இளைஞர், எப்சம் டெர்பியைக் கண்டு ஊர் திரும்பி, சர்ச்சில் என்ற குடும்பப் பெயர் கொண்ட தம் தாய்மாமன்மாரின் நிலத்தில் திடல் ஒன்றை அமைத்தார். 1875 மே 17 அன்று அங்கே முதல் கென்டக்கி டெர்பி நடந்தது. ஆங்கிலேயர் 'டார்பி' என்று உச்சரிக்கும் அதே சொல்லை அமெரிக்கர் எழுத்தில் உள்ளபடி 'டெர்பி' என்கின்றனர்.

பெயர் ஒன்றாயினும் ஓட்டத்தின் இயல்பு வேறு. எப்சமில் புல்தரையின் மேல், முதலில் ஏற்றமாகவும் பின்னர் இறக்கமான வளைவாகவும் செல்லும் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் பாதையில் குதிரைகள் ஓடுகின்றன. சர்ச்சில் டவுன்ஸிலோ சமதளமான மண்தரையில், ஒரு மைல் சுற்றளவுள்ள முட்டைவடிவப் பாதையில், பத்து பர்லாங்கு, அதாவது சுமார் 2 கிலோமீட்டர் ஓட்டம். புறப்படும் குதிரைகள் இருபது வரை இருக்கலாம் என்பதால் முதல் வளைவிலேயே நெரிசல் மிகும். ஆண்டுதோறும் மே மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் இப்பந்தயத்தின் தொடக்க வரலாற்றில் அமெரிக்கா நெடுங்காலம் மறந்திருந்த ஒரு பக்கமும் உண்டு: முதல் டெர்பியில் ஓட்டிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர், முதல் 28 டெர்பிகளில் 15ஐ வென்றவர்களும் அவர்களே. இனப்பாகுபாடு இறுகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் திடலைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

பதிவேடும் பொலிகுதிரையும்

இவ்விரு பந்தயங்களிலும் ஓடுபவை 'தரோபிரெட்' என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழைநாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட பைர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் ஆகிய மூன்று ஆண்குதிரைகளே இந்த இனத்தின் மூலத் தந்தையர். எந்தக் குட்டி எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தது என்பதைக் குறித்துவைக்கும் வம்சாவளிப் பதிவேடு 1791இல் இங்கிலாந்தில் அச்சேறியது. அதன் வழிவந்த பதிவேடுகளில் பெயர் ஏறாத குதிரை, எவ்வளவு விரைந்து ஓடினாலும், தரோபிரெட் ஆகாது.

இந்தத் தொழிலின் போக்கைத் தீர்மானிக்கும் மற்றொரு விதி, இனவிருத்தி இயற்கையான சேர்க்கை வழியாகவே நடக்க வேண்டும் என்பது. பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதுபோல் பந்தயக் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்ய முடியும் என்றாலும், அவ்வாறு பிறந்த குட்டியைப் பதிவேடு ஏற்பதில்லை. ஆகவே பந்தயங்களில் புகழ்பெற்று, பின்னர் இனவிருத்திக்கென வைக்கப்படும் பொலிகுதிரை எந்த நாட்டுப் பண்ணையில் நிற்கிறதோ, அந்த நாட்டுக்குப் பெண்குதிரையை அனுப்பியாக வேண்டும். கருக்காலம் சுமார் பதினொரு மாதங்கள் என்பதால் சில வேளைகளில் குட்டியும் அங்கேயே பிறக்கும். அரச குடும்பத்துக்கும் இதில் விதிவிலக்கு இல்லை.

கடல் கடந்த குருதிவழி

முதல் எப்சம் டெர்பியை வென்ற குதிரையின் பெயர் டயோமெட். பொலிகுதிரையாக இங்கிலாந்தில் மதிப்பிழந்த நிலையில், 1798இல், இருபத்தொரு வயதில் அது அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அந்த வயதில் வேறு குதிரைகள் ஓய்ந்துவிடும் என்றிருக்க, டயோமெட் வெர்ஜீனியாவில் ஒரு பெரும் வம்சத்துக்கே மூலமாயிற்று. அதன் வழியில் 1850இல் கென்டக்கியில் பிறந்த லெக்சிங்டன், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் தலைசிறந்த பொலிகுதிரை. லெக்சிங்டனின் மகளுக்குப் பிறந்த அரிஸ்டைடீஸ்தான் 1875இல் முதல் கென்டக்கி டெர்பியை வென்றது. கிளார்க் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது பந்தயத்தின் வடிவத்தைத்தான். குருதிவழி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

ஆயினும் இங்கிலாந்து இந்த உறவை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னோர் அனைவரையும் பழைய பதிவேடுகளில் காட்ட இயலாத குதிரைகளைச் சேர்ப்பதில்லை என்று 1913இல் அங்கே ஒரு விதி வகுக்கப்பட்டது. அதை முன்மொழிந்த ஜெர்சி பிரபுவின் பெயரால் 'ஜெர்சி சட்டம்' என்று வழங்கப்பட்டாலும், அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. அமெரிக்கக் குதிரைகள் பலவற்றின் ஆவணங்கள் முழுமையாக இல்லாததால், லெக்சிங்டனின் வழிவந்தவை உட்படப் பெரும்பாலானவை இங்கிலாந்தில் கலப்பினம் எனத் தள்ளப்பட்டன. விதியால் தள்ளப்பட்டவை ஐரோப்பியப் பந்தயங்களை வெல்லத் தொடங்கிய பிறகு, 1949இல் அது கைவிடப்பட்டது. அதன்பின் குருதியோட்டம் எதிர்த்திசையில் பெருகியது: 1964ஆம் ஆண்டின் கென்டக்கி டெர்பியை வென்ற நார்தர்ன் டான்சரின் மகனான நிஜின்ஸ்கி, 1970இல் எப்சம் டெர்பியை வென்றது, கென்டக்கியின் ஏலக்கூடங்களுக்கு ஐரோப்பியரும் அரபு ஷேக்குகளும் குதிரை வாங்கப் படையெடுத்தனர்.

அரசியின் கென்டக்கித் தொடர்பு

ஜெர்சி சட்டம் கைவிடப்பட்ட அதே 1949இல்தான், அப்போது இளவரசியாக இருந்த எலிசபெத் தம் தாயுடன் கூட்டாக வாங்கிய மோனவீன் என்ற குதிரை முதல் வெற்றியைத் தேடித் தந்தது. அரியணை ஏறிய பின்னர் 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டனில் மிகுதியான பரிசுத்தொகை ஈட்டிய உரிமையாளராக அவர் விளங்கினார். வெளிநாட்டுப் பந்தயத் திடலும் அவருக்குப் புதிதன்று. 1974இல் பிரான்சின் ஷான்டில்லி நகருக்குச் சென்று, தம்முடைய ஹைகிளேர் என்ற பெண்குதிரை அந்நாட்டின் புகழ்பெற்ற பிரி த தியான் பந்தயத்தை வெல்வதை நேரில் கண்டார்.

அவரைக் கென்டக்கிக்கு அழைத்தது அங்குள்ள பொலிகுதிரைகள். லெக்சிங்டன் நகரைச் சூழ்ந்த 'புளூகிராஸ்' என்னும் புல்வெளி வட்டாரத்தின் அடிநிலம் சுண்ணாம்புப் பாறையாலானது. கால்சியமும் பாஸ்பரசும் மிகுந்த அந்த மண்ணின் புல்லும் நீரும் குட்டிகளின் எலும்புக்கு உறுதி தருவதாகக் குதிரை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கருதிவருகின்றனர். தம் பெண்குதிரைகளை அங்கே அனுப்பி வந்த அரசி, 1984, 1986, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் தனிப்பட்ட முறையில் அங்கு சென்று, பண்ணை பண்ணையாகப் பொலிகுதிரைகளைப் பார்வையிட்டார். முதல் பயணத்தின்போது லெக்சிங்டனின் கீன்லண்ட் திடலில் அவர் பெயரால் தொடங்கப்பட்ட பந்தயம் இன்றும் நடந்துவருகிறது. அவர் வழக்கமாகத் தங்கியது லேன்ஸ் எண்ட் என்ற பண்ணையில். அதன் உரிமையாளர் வில்லியம் பாரிஷ், 2001 முதல் 2004 வரை லண்டனில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவர். ஐந்தாம் முறையாக 2007இல் வந்தபோதுதான், எண்பத்தொரு வயதில், அரசி கென்டக்கி டெர்பியை முதன்முதலாக நேரில் பார்த்தார். அவருக்கு முன்னதாக 1974ஆம் ஆண்டின் நூறாவது டெர்பிக்கு அவருடைய தங்கை இளவரசி மார்கரெட் வந்திருந்தார்.

உள்வேலியை ஒட்டி ஓர் ஓட்டம்

அன்று வென்ற குதிரை ஸ்ட்ரீட் சென்ஸ். ஓட்டியவர் லூசியானாவைச் சேர்ந்த கால்வின் போரெல். வளைவான பாதையில் உள்வேலியிலிருந்து ஒவ்வோர் அடி விலகும்போதும் ஓட வேண்டிய தொலைவு கூடும் என்பது கணக்கு. ஆயினும் இருபது குதிரைகள் ஓடும்போது உள்வேலியை ஒட்டிச் செல்பவர் முன்னே செல்லும் குதிரைகளுக்குப் பின்னால் அடைபட்டுப்போகும் அபாயம் இருப்பதால், பெரும்பாலான ஜாக்கிகள் தொலைவு கூடினாலும் வெளிப்பக்கமாகச் சுற்றியே வருவர். போரெலின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. தொடக்கத்தில் பத்தொன்பதாவது இடத்தில், ஏறத்தாழக் கடைசியாக ஓடிக்கொண்டிருந்த ஸ்ட்ரீட் சென்ஸை அவர் வேலியோரத்திலேயே வைத்திருந்து, களைத்த குதிரைகள் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் விலக விலக, திறந்த இடைவெளிகளில் நுழைத்து, இறுதி நேர்பாதையில் முன்னணிக்குக் கொண்டுவந்தார். இரண்டாவதாக வந்த ஹார்ட் ஸ்பன்னைவிட இரண்டேகால் குதிரைநீளம் முந்தி 2 நிமிடம் 2.17 வினாடியில் ஓட்டம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து, மே 7 அன்று, அரசிக்காக வெள்ளை மாளிகையில் நடந்த விருந்துக்குப் போரெலும் அழைக்கப்பட்டார்.

கைகூடாத டெர்பி

ஸ்ட்ரீட் சென்ஸின் தந்தை, கென்டக்கியில் பொலிகுதிரையாக நின்ற ஸ்ட்ரீட் க்ரை. அதே தந்தைக்கு 2008இல் பிறந்த கார்ல்டன் ஹவுஸ் என்ற குதிரையை, துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது அரசிக்குப் பரிசாக அளித்தார். கென்டக்கியில் கண்ட வெற்றியாளரின் தந்தைவழித் தம்பி, தம்முடைய ஊதாவும் சிவப்பும் கலந்த நிறங்களில் எப்சமில் ஓடும் நிலை அரசிக்கு 2011இல் வாய்த்தது. அரியணையில் இருந்த ஒருவரின் குதிரை டெர்பியை வென்றது 1909இல், ஏழாம் எட்வர்டின் மினோரு வழியாக மட்டுமே. எலிசபெத்தின் ஆரியோல், 1953இல் முடிசூட்டு விழா முடிந்த நான்காம் நாள், இரண்டாவதாகத்தான் வந்திருந்தது. மக்களின் பெருவிருப்பக் குதிரையாகப் புறப்பட்ட கார்ல்டன் ஹவுஸ் மூன்றாவதாக வந்தது. ஆங்கிலேய மூன்று வயதுக் குதிரைகளுக்கான ஐந்து பெரும் பந்தயங்களில் மற்ற நான்கையும் வென்ற அரசிக்கு டெர்பி மட்டும் கடைசிவரை கைகூடவில்லை.

அவர் வளர்த்த குருதிவழிக்கோ அது கைகூடியது. ஹைகிளேரின் மகளான ஹைட் ஆஃப் பேஷனை அரசி 1982இல் துபாய் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் ஹம்தானுக்கு விற்றுவிட, அதன் மகன் நாஷ்வான் 1989இல் டெர்பியை வென்றது. ஹைகிளேரின் இன்னொரு மகள் பர்க்ளேர். பேத்தி விண்ட் இன் ஹெர் ஹேர். கொள்ளுப்பேரன், 2005இல் ஜப்பானின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற டீப் இம்பாக்ட். எள்ளுப்பேரன் ஆகஸ்ட் ரோடின். அந்த ஆகஸ்ட் ரோடின், கார்ல்டன் ஹவுஸை ஓட்டிய அதே ரயன் மூரின் கையில், 2023 ஜூன் 3 அன்று எப்சம் டெர்பியை வென்றது. அரசி காலமாகி அப்போது ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன.