செடிக்கு ஒரு ஆஸ்பிரின் ஊசி

1979-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரேமண்ட் வைட் என்பவர் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலை ஊசியால் செலுத்தினார். செடிக்கு என்ன தலைவலி என்று கேட்டுவிடாதீர்கள்! பிறகு அதே இலையில் தேமல் வைரஸைத் தடவினால், நோய்ப் புள்ளிகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

நம் இரத்தத்தில் ஓடித் திரியும் வெள்ளையணுக்கள் செடிக்குக் கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டியதுதான். எதிர்ப்புத்திறன் உள்ள புகையிலையில், வைரஸ் நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமாகவே மடிந்துவிடும். இலையில் சின்னதாகப் பழுப்புப் புள்ளி விழும். உயிருள்ள செல் இல்லாமல் வைரஸ் பெருக முடியாதே, அங்கேயே முடங்கிப்போகும். கூடவே செடிக்குள் சாலிசிலிக் அமிலம் சுரக்க, நோய் தொடாத இலைகளும் உஷாராகிவிடும். ஆஸ்பிரின் இந்த அமிலத்துக்கு நெருங்கிய உறவு. வைட் போட்ட ஊசி பலித்தது அதனால்தான்.

அமிலத்தில் கொஞ்சம் மெத்தில் சாலிசிலேட்டாக மாறிக் காற்றில் கலக்கும். பக்கத்துச் செடிகளும் அதை உணர்ந்து தயாராகும் என்பது 1997-ல் தெரியவந்தது. வலித் தைலப் புட்டியைத் திறந்ததும் குப்பென்று மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, பல தைலங்களில் அது இந்தப் பொருளின் நெடிதான்.