பழைய வண்டியில் ஏ.சி. கம்ப்ரஸர் போனால் என்ன செய்வது?



நமது டிரஸ்டின் நோயாளி வேனுக்கு ஏ.சி. செலவு என்று வரவு செலவில் இரண்டு இடங்களில் வந்திருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டிக் கேட்டார்கள். ஏப்ரலில் 11,500 ரூபாய், மே மாதக் கடைசியில் 23,800 ரூபாய். கேட்டது மிகவும் சரி. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறோம். முதல் தொகை வீணானதற்குச் செயலாளராகிய நானே பொறுப்பு. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் "செய்யுங்கள்" என்று சொன்னது நான்தான். இரண்டு செலவும் பொது நன்கொடைக் கணக்கிலிருந்து போனவை. ஜகாத் நிதியில் ஒரு ரூபாயும் தொடப்படவில்லை.

நம் மஹல்லாவில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார், வேன் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. எங்களுக்கு வந்த நஷ்டம் உங்களுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு வாரம் இருமுறை நம் வேன் நோயாளிகளை ஏற்றிச் செல்கிறது. ஏப்ரலில் ஏ.சி. போட்டால் கிறீச்சென்று சத்தம், பிறகு குளிரே இல்லை. கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிட்டது என்றார்கள். ரீகண்டிஷன் கம்ப்ரஸர் ஒன்றை மாட்டி, கேஸ் அடித்துக் கொடுத்தார்கள். ஐந்தே வாரம். கத்திரி வெயிலில், பரமக்குடி தாண்டி வரும்போது மறுபடியும் அதே சத்தம். கீமோ சிகிச்சை முடித்து வந்த ஒரு தாயார் வெக்கை தாங்காமல் வாந்தி எடுத்து மயங்கிப்போனார். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஈரத் துணியால் துடைத்து அழைத்து வந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் பைப்பைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கறுப்புக் களிம்பு போல எண்ணெயும் இரும்புத் தூளும். பழைய கம்ப்ரஸர் உடைந்தபோது சிதறிய தூளைச் சுத்தம் செய்யாமலேயே புதிதை மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தூளே அதையும் தின்றுவிட்டது.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஏ.சி. வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிய வேண்டும். என்ஜின் பெல்ட் கம்ப்ரஸரின் புல்லியைச் சுற்றுகிறது. ஏ.சி. பட்டனைப் போட்டதும் மேக்னட் கிளட்ச் பிடித்து கம்ப்ரஸர் ஓடும். அது கேஸை அழுத்தி, முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டன்ஸருக்குத் தள்ளும். அங்கே சூடு தணிந்து திரவமாகி, ட்ரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரத்தில் புகுந்து, கூலிங் காயிலில் ஆவியாகும்போது குளிர் உண்டாகிறது. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெயும் இந்தக் கேஸோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. ஆகவே கேஸ் கசிந்தால் எண்ணெயும் குறையும். கம்ப்ரஸர் உடைந்தால் தூளும் ஊர் சுற்றும்.

கம்ப்ரஸர்தான் போனதா?

குளிர் வரவில்லை என்றதும் கம்ப்ரஸர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சைப் பிடிக்க விடாது. அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் இவற்றில் ஒன்று போனாலும் கம்ப்ரஸர் ஓடாது. இவையெல்லாம் சிறிய செலவு. ஏ.சி. போடாதபோதும் உராயும் சத்தம் வந்தால் புல்லி பேரிங்காக இருக்கலாம். பல மாடல்களில் அதை மட்டும் மாற்ற முடியும்.

ஏ.சி. போட்டவுடன் பெல்ட் கத்துவது, புகைவது, என்ஜின் இழுத்துப் பிடிப்பது ஆகியவை கம்ப்ரஸர் இறுகியதன் அடையாளம். உடனே ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். சில வண்டிகளில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் பேட்டரி சார்ஜ் நின்று, என்ஜினும் சூடேறிவிடும். ஏ.சி. பழுது என்ஜின் பழுதாவது இப்படித்தான்.

மாற்றுவதானால் கேட்க வேண்டியவை

1. கம்ப்ரஸர் ஏன் போனது? கேஸ் கசிவா, எண்ணெய் குறைவா, கன்டன்ஸர் ஃபேன் ஓடவில்லையா? காரணத்தைச் சரி செய்யாமல் மாற்றினால் புதியதும் போகும்.

2. பைப்பில் தூள் இருக்கிறதா? நம் கண் முன்னே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால் லைனை ஃபிளஷ் செய்ய வேண்டும். எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்றுவது நல்லது. இப்போதைய கன்டன்ஸர்களின் குழாய்கள் மிக மெல்லியவை. தூள் அடைத்தால் ஃபிளஷ் செய்தும் முழுதாகப் போகாது, மாற்றத்தான் வேண்டும். எங்கள் 23,800 ரூபாயில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது.

3. ட்ரையரைப் புதிதாகப் போடுகிறார்களா? ஈரத்தை உறிஞ்சுவது அதன் வேலை. லைனைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் பட்டு அது கெட்டுவிடும். ஓ-ரிங்குகளையும் மாற்றச் சொல்லுங்கள்.

4. அந்தக் கம்ப்ரஸருக்கு உரிய எண்ணெயை, உரிய அளவில் விடுகிறார்களா?

5. குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு, மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்கிறார்களா? நகர்ந்தால் எங்கோ கசிவு.

6. கேஸை எடை போட்டு ஏற்றுகிறார்களா? எத்தனை கிராம் என்பது பானெட்டின் உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். கூடுதலாக அடித்தால் கூடுதல் குளிர் வராது. கம்ப்ரஸருக்குத்தான் பாரம்.

இன்று ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆர் 134ஏ கேஸ்தான். மலிவாக இருக்கிறதென்று சமையல் கேஸ் போன்ற எரியும் கேஸை நிரப்ப ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கசிந்தால் பிள்ளைகள் உட்காரும் இடத்தில்தான் தீ. கேஸ் லைனை வீட்டில் நாமே கழற்றுவதும் வேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் கேஸ் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைக் காற்றில் திறந்து விடுவதும் தவறு. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது.

புதியதா, ரீகண்டிஷனா?

வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான்கைந்து வருடம் என்றால் புதியதே லாபம். இரண்டு வருடம் என்றால், எழுத்தில் வாரன்டி தரும் ரீகண்டிஷன் போதும். பழைய இரும்புக் கடைப் பொருளில் உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

மாற்றாமல் விடுவதும் ஒரு வழிதான். ஏ.சி.க்குத் தனி பெல்ட் உள்ள வண்டியில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். ஒரே பெல்ட் என்றால் மெக்கானிக்கைக் கேட்டே செய்யுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி ஏ.சி. மாற்றுவதைவிட ஜன்னலைத் திறந்து போவது ஆயிரம் மடங்கு மேல். வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்து, வண்டி அவசியம் என்றால் அலுவலகத்தில் வந்து பேசுங்கள்.

ஏ.சி. நன்றாக இருக்கும் வண்டியில், மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் அதைப் போடுங்கள். எண்ணெய் சுற்றினால்தான் கம்ப்ரஸரின் சீல் காயாமல் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஏ.சி. போன வண்டியை விற்பவர்கள் அதைச் சொல்லியே விற்க வேண்டும். "கேஸ் அடித்தால் சரியாகிவிடும்" என்று தெரிந்தே சொல்வது ஏமாற்று. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மறைத்திருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. குறையைச் சொன்னால் விலையில் சில ஆயிரம் குறையலாம், பரக்கத் குறையாது.

இரண்டு பில்களும், கழற்றிய பழைய கம்ப்ரஸரும் அலுவலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இனி 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட வாகன வேலைக்கு இரண்டு இடங்களில் எழுத்தில் மதிப்பீடு வாங்குவது என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. இன்ஷா அல்லாஹ், உங்கள் அமானிதத்தை இன்னும் கவனமாகக் காப்போம். வேன் இப்போது நல்ல குளிரோடு ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். அதில் செல்லும் நோயாளிகளின் ஷிஃபாவுக்காக துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்