மண்ணீரலில் ஒரு நொடி ஊசி

இரண்டு வாரங்களுக்கு மேலாகக் காய்ச்சல் தணியவில்லை. மலேரியா மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை. உடல் மெலிய மெலிய, இடப்புற விலாவிற்குக் கீழே மண்ணீரல் மட்டும் பெருத்துக்கொண்டே வருகிறது. பீகாரில் கங்கைச் சமவெளிக் கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்க்கு இத்தகைய நோயாளி புதியவரல்லர். இது காலா-அசார் என்னும் கருங்காய்ச்சலாக இருக்கலாம். வேறு நோயாகவும் இருக்கலாம். சிகிச்சை பெறாத காலா-அசார் பெரும்பாலும் உயிரைப் போக்கிவிடுவதால், ஐயத்துடன் காத்திருக்க இயலாது.

இந்நோயின் ஒட்டுண்ணி மணல் ஈ கடிப்பதால் உடலுட் புகுந்து, மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலுள்ள உயிரணுக்களுக்குள் பெருகுகிறது. 1903ஆம் ஆண்டில் லீஷ்மன், டம்டமில் நோயுற்று இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்பொருள்களைப் பற்றி எழுதினார். அவ்வாண்டிலேயே சென்னையில் மருத்துவராயிருந்த சார்லஸ் டானவன், உயிருடனிருந்த சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த இரத்தத்தில் அவற்றைக் கண்டார். ஒட்டுண்ணியின் பெயர் இருவரையும் நினைவூட்டும்: லீஷ்மேனியா டானவானி.

டானவன் கையாண்ட வழி இன்றும் வழக்கிலிருக்கிறது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, மண்ணீரலின் எல்லையைத் தோலின்மேல் குறித்துக்கொள்கின்றனர். 5 மில்லிலிட்டர் பீச்சுக்குழலில் 21ஆம் எண் ஊசியைப் பொருத்தி, முதலில் தோலுக்குள் மட்டும் நுழைக்கின்றனர். பின்னர்த் தண்டை ஏறக்குறைய 1 மில்லிலிட்டர் அளவிற்கு இழுத்துப் பிடித்து, ஊசியை மண்ணீரலுட் செலுத்தி அதே வழியில் வெளியே எடுத்துவிடுகின்றனர். உள்ளே ஊசி இருக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. மண்ணீரல் மூச்சுடன் அசையும் உறுப்பு. ஊசி தங்கினால் அது கிழியும். குழந்தை திமிறாதவாறு பிடித்துக்கொள்வது, ஊசி போடும் கைக்கு நிகரான பொறுப்பாகும்.

கிடைப்பது ஒரு துளிதான், அது போதும். கண்ணாடித் தகட்டில் பரப்பி ஜீம்சா சாயமேற்றி உருப்பெருக்கியில் நோக்கினால், முட்டை வடிவ ஒட்டுண்ணிகள் உட்கருவும் அதனருகே சிறு கோலும் கொண்டு தோன்றும். நோயுற்றவர் நூற்றுவரில் 93 முதல் 99 பேர் வரை இச்சோதனையில் அகப்படுவர். எலும்பு மஜ்ஜைச் சோதனை இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் பலரை நழுவவிடுகிறது.

இதன் அச்சம் இரத்தக் கசிவே. பயின்ற கைகளில் ஆயிரத்தில் ஒருவருக்கு உயிராபத்து நேரலாம் என்பர். ஆகவே இரத்தம் உறையும் நேரத்தையும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் முன்னரே அறிகின்றனர். தட்டணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 40,000க்குக் குறைந்தால் ஊசியைத் தொடுவதில்லை. சோதனைக்குப்பின் பல மணி நேரம் படுக்கையில் வைத்து நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்கின்றனர். இரத்தம் ஏற்றும் வசதியில்லாத நிலையத்தில் துணியத்தக்க செயலன்று இது.

விரல் நுனி இரத்தத்தைக் கொண்டு சில நிமிடங்களில் முடியும் ஆர்கே-39 சோதனை வந்தபின், பெரும்பாலோர்க்கு இவ்வூசி தேவைப்படுவதில்லை. எனினும் அது கண்டறிவது எதிர்ப்பொருளை, ஒட்டுண்ணியையன்று. குணமடைந்தவர் உடலிலும் எதிர்ப்பொருள் நெடுநாள் தங்கும். முன்பு சிகிச்சை பெற்றவருக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால், நோய் திரும்பியதா என்பதை அச்சோதனை உரைக்காது. அப்போது மண்ணீரலையோ மஜ்ஜையையோதான் நாடவேண்டும். அத்தகையவரை மருத்துவமனைக்கு அனுப்பும் ஊழியர், முன்னர் எந்த ஆண்டில் எம்மருந்து பெற்றார் என்பதைச் சீட்டில் எழுதியனுப்புதல் வேண்டும்.