சுவரில் சாய்ந்திருக்கும் கால்



உங்கள் உறவிலோ தெருவிலோ சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்த பெரியவர் இருக்கக்கூடும். செயற்கைக் காலும் பெற்றிருப்பார். அவர் வீட்டிற்கு ஒருமுறை சென்று பாருங்கள். அந்தக் கால் கதவின் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தால், அவர் நாற்காலியிலேயே நாளைக் கழிக்கிறார் என்று பொருள்.

செயற்கைக் கால் கிடைத்தவுடன் சிகிச்சை முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அன்றுதான் அதன் கடினமான பகுதி தொடங்குகிறது.

அஞ்சுவதற்குக் காரணம் உண்டு

குமரி மாவட்டத்தில் இரு பருவ மழையும் பெய்கிறது. முற்றத்தில் பாசி படிகிறது. பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் இடம் எப்போதும் ஈரமாயிருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தெருக்கள் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. ஒருமுறை வழுக்கியவர் மறுமுறை எழ அஞ்சுகிறார்.

எழுந்து நடப்பவர்க்கும் ஓர் ஆபத்து உண்டு. செயற்கைக் காலை நம்பாமல், தம்மையறியாமல் உடற்பாரத்தை நல்ல காலின்மீதே அவர் சுமத்துகிறார். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அழுத்தத்தால் புண் உண்டாகி, அது தெரியாமலே முற்றினால், எஞ்சிய காலையும் இழக்க நேரிடும். ஆகவே பாரத்தை இரு கால்களுக்கும் பகிரக் கற்பது, இருக்கும் காலைக் காக்கும் வழியுமாகும்.

விளையாட்டே பயிற்சியாக

இப்பயிற்சிக்கு வீடியோ விளையாட்டு துணைபுரியும் என்றால் வியப்பீர்கள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 2007இல் 'வீ ஃபிட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதனுடன் ஒரு பலகை வரும். அதன்மேல் நிற்பவரின் பாரம் எப்பக்கம் சாய்கிறது என்பதைப் பலகையிலுள்ள உணர்கருவிகள் அறிந்து திரையில் காட்டும். உடலைச் சாய்த்தால் திரையில் பந்து உருளும்; அதைக் குழியில் விழச் செய்ய வேண்டும். பந்தில் கண் வைத்திருப்பவர் தம் அச்சத்தை மறந்துவிடுகிறார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைக் கால் இழந்த, ஐம்பது வயது கடந்தவர்களுக்கு வீட்டிலேயே நான்கு வாரப் பயிற்சியாக அமைத்துச் சோதித்தனர். பயிற்சியாளர் தொலைவிலிருந்து திரை வழியே கண்காணித்தார். அவ்விளையாட்டுக் கருவி இன்று உற்பத்தியில் இல்லை. எனினும் அது கற்பித்த பாடம் பழசாகவில்லை.

முதுமை இதற்குத் தடையன்று. 2014இல் சுவீடன் நாட்டுச் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தார் 72 வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதினர். கையை இழந்து 48 ஆண்டுகளாகியும் இல்லாத கையின் வலி அவரை விடவில்லை. எஞ்சிய கைத்தசையின் அசைவுகளைக் கொண்டு அவர் திரையில் மோட்டார் கார் ஓட்டினார். வலியற்ற வேளைகள் அவருக்கு வாய்க்கத் தொடங்கின.

நம் வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். முதலில் எலும்பு மருத்துவரையோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரையோ கலந்துகொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கவும் ஏற்பாடு உண்டு.

அவர்கள் இசைவு தந்தபின், ஒரே உயரமுள்ள இரண்டு எடை பார்க்கும் கருவிகளை அருகருகே வையுங்கள். முள் நகரும் வகை நல்லது. முன்னால் அசையாத மேசையும் பின்னால் உறுதியான நாற்காலியும் இருக்கட்டும். பெரியவர் செயற்கைக் காலை அணிந்து, மேசையைப் பற்றியபடி கருவிக்கு ஒரு கால் வீதம் நிற்கட்டும். பெரியவர்களில் ஒருவர் அருகில் துணை நிற்க வேண்டும்.

அவர் குனிந்து பார்க்கக் கூடாது. எண்ணைப் பேரப்பிள்ளை படிக்கட்டும். அறுபது கிலோ எடையுள்ளவரின் நல்ல கால் நாற்பத்தைந்தும் செயற்கைக் கால் பதினைந்தும் காட்டக்கூடும். அந்தப் பதினைந்தை இருபதாக, இருபத்தைந்தாக உயர்த்துவதே ஆட்டம். களைப்போ தலைச்சுற்றலோ தோன்றினால் நிறுத்திவிடுங்கள். பயிற்சிக்குப்பின் குறைக்காலின் தோலையும் நல்ல பாதத்தையும் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்டும்வரை பயிற்சி வேண்டாம்.

இது மருந்துக்கு மாற்றன்று. ஒரே வாரத்தில் அதிசயமும் நிகழாது. ஆனால் "பேசாமல் இருங்கள், விழுந்துவிடுவீர்கள்" என்று அன்பின் பெயரால் நாம் அவரை நாற்காலியில் கட்டிப்போடுவது நின்றுவிடும். "இருபது வந்துவிட்டது உப்பா! இன்னும் கொஞ்சம்!" என்று பேரன் கூவும் வீட்டில், செயற்கைக் கால் கதவின் பின்னால் நெடுநாள் சாய்ந்திருக்காது.