முன்னால் இருப்பவரின் துடுப்பைப் பாருங்கள்

டிராகன் படகில் ஏறும் புதியவர்களில் யார் முதலில் களைத்துப்போவார்? புஜத்தைத் திரட்டி வைத்திருப்பவர்தான். கை பலத்தால் தண்ணீரை வாரித் தள்ளினால் போதும் என்று அவர் நம்பியிருப்பார். படகு அப்படி நகராது.

பன்னாட்டுப் போட்டிகளில் ஓடும் பெரிய படகு ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலான அகலம். பலகைக்கு இருவராகப் பத்து வரிசையில் 20 பேர். தலைப்பில் முரசடிப்பவர். வாலில் நின்றபடி நீண்ட சுக்கான் துடுப்பைப் பிடித்திருப்பவர் இன்னொருவர். வெறும் படகே 250 கிலோ இருக்கும். ஆள்களையும் சேர்த்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். அந்த 20 பேரின் துடுப்புகளைப் படகோடு பிணைக்கும் கொக்கியோ வளையமோ கிடையாது. துடுப்புப் போடும் அவர்கள் எல்லோரும் போகும் திசையைப் பார்த்தே உட்காருகிறார்கள்.

வலப்பக்கம் உட்காருபவர் இடக்கையால் துடுப்பின் உச்சியில் உள்ள குறுக்குப் பிடியையும், வலக்கையால் தட்டைப் பகுதிக்குச் சற்று மேலேயும் பிடிக்கிறார். இடப்பக்கம் என்றால் கைகள் மாறும். இடுப்பு படகின் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். விளிம்புப் பக்கத்துக் காலை முன்னால் அழுத்தி ஊன்ற வேண்டும். இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, விளிம்புப் பக்கத்துத் தோளை முன்னே கொண்டுபோய், எட்டிய மட்டும் துடுப்பை நீட்டி நீரில் இறக்குகிறோம். தட்டை முழுவதும் மூழ்கும்வரை இழுக்கக் கூடாது; அவசரக்காரர்கள் பாதி மூழ்கியதுமே இழுத்து, பக்கத்தில் இருப்பவரைக் குளிப்பாட்டுவார்கள். மூழ்கிய துடுப்பு நீரில் ஊன்றி நிற்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அதை நோக்கிப் படகை இழுக்கிறோம். இழுப்பது, முறுக்கிய உடல் நிமிரும்போது முதுகும் இடுப்பும் காலும் சேர்ந்து தரும் விசை. கை அந்த விசையைத் துடுப்புக்குக் கடத்துகிறது, அவ்வளவே. இடுப்பருகே வந்ததும் துடுப்பை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னும் இழுத்தால் தட்டை சாய்ந்து நீரை மேலே தூக்கும். படகு கீழே அழுந்தும்.

இவ்வளவும் ஒருவர் தனியாகக் கற்கக்கூடியவை. ஒத்த நேரம்தான் கடினம். ஒவ்வொரு வீச்சிலும் படகு துள்ளி முன்னேறும். இடைவெளியில் நீரின் தடையால் வேகம் குறையும். ஒருவர் மற்றவர்களுக்கு முன்பே துடுப்பை இறக்கினால், தளர்ந்துவரும் படகின் பாரம் அவர் தோளில் விழும். பிந்தி இறக்கினால், படகு ஏற்கெனவே விரைந்துவிட்டதால் துடுப்புக்குப் பிடிமானம் கிடைக்காது. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும்.

முரசு எதற்கு என்று கேட்கலாம். முரசைக் கேட்டுத் துடுப்புப் போடுவதாகத்தான் வெளியாள் நினைப்பார். பெரும்பாலும் முரசடிப்பவரே முதல் வரிசையில் உள்ள இருவரின் வீச்சைப் பார்த்து அடிக்கிறார். தாளம் பிறப்பது அந்த இருவரிடம். அதனால் முதல் வரிசைக்குச் சீரான வீச்சு உடையவர்களையும், நடு வரிசைகளுக்குக் கனமும் பலமும் உள்ளவர்களையும் அமர்த்துவார்கள். புதியவருக்குப் பயிற்றுநர் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: உங்கள் துடுப்பைப் பார்க்காதீர்கள், முன்னால் பாருங்கள். சொந்தத் துடுப்பைக் குனிந்து பார்க்கும் ஆசை இலேசில் போகாது.

இந்த விளையாட்டு தென்சீனத்து ஆறுகளில் பிறந்தது. மிலுவோ ஆற்றில் மூழ்கி மாண்ட கவிஞர் சூ யுவானைத் தேடிப் படகுகள் விரைந்த நினைவாக, ஐந்தாம் சந்திர மாதத்தின் ஐந்தாம் நாளில் இது நடப்பதாகச் சீனர்கள் சொல்கிறார்கள். அதற்கும் முந்தைய நீர்த்தெய்வ வழிபாடே இதன் மூலம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. 1976இல் ஹாங்காங் ஜப்பானின் நாகசாகி அணியை அழைத்தபோது ஊர்த்திருவிழா பன்னாட்டுப் போட்டியானது. பினாங்கில் 1979 முதல் இப்போட்டி நடந்துவருகிறது.

பலசாலிகளின் ஆட்டம் இது என்ற எண்ணத்தை உடைத்தது கனடாவின் வான்கூவர். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்கள் கையால் கடுமையாக உழைத்தால் கை வீங்கிவிடும் என்று மருத்துவ உலகம் அப்போது எச்சரித்துவந்தது. விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்சி அதைச் சோதிக்க 1996இல் அத்தகைய 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் ஏற்றினார். புதிதாக யாருக்கும் கை வீங்கவில்லை. இன்று இத்தகைய பெண்களின் அணிகள் பல நாடுகளில் இருக்கின்றன.

முதல் பயிற்சிக்குப் போகும்போது, நனைந்தாலும் சீக்கிரம் உலரும் உடை அணியுங்கள். மிதவை உடுப்பை மறுக்காதீர்கள். 'லெட் இட் ரன்' என்ற கட்டளை வந்தால் துடுப்பை நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். 'ஹோல்ட் தி போட்' என்றால் துடுப்பை நீரில் அழுத்திப் படகை நிறுத்த வேண்டும். படகு கவிழ்ந்தால் உங்கள் பலகையில் உங்களோடு இருந்தவர் மேலே வந்துவிட்டாரா என்று முதலில் பாருங்கள். கவிழ்ந்த படகும் மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருங்கள். கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று தனியாக நீந்திக் கிளம்பிவிடாதீர்கள். தலைகளை எண்ணுபவருக்கு அப்போது ஓர் ஆள் குறையும்.