படகைச் சுமக்கத் தயாரா?

கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில் ஓடும் சவுத் நஹானி ஆற்றின் படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 1970-இல் பிரதமராக இருந்த பியர் ட்ரூடோவே அங்கே போய்க் கனூ படகு வலித்தார். பிறகு அது தேசியப் பூங்காவானது. 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் இத்தனை புகழுக்குப் பிறகும் பூங்காவுக்குள் செல்லச் சாலை கிடையாது. ஃபோர்ட் சிம்ப்சன் போன்ற ஊரிலிருந்து மிதவை விமானம் பிடித்துத் தண்ணீரிலேயே போய் இறங்க வேண்டும். விமானம் திரும்பிப் போய்விட்டால் கடை இல்லை, மருத்துவர் இல்லை, கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. மறந்துபோன தீப்பெட்டிகூட மறந்ததுதான். ஆகவே கோடைப் பயணத்துக்கான வேலை முந்தைய குளிர்காலத்திலேயே, வரைபடத்தைத் தரையில் விரித்துப்போட்டு உட்காரும்போது தொடங்கிவிடுகிறது.

புதிதாகத் திட்டமிடுகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் படகு வலிக்க வேண்டும் என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நஹானியில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. டெனே பழங்குடியினர் நைலிச்சோ என்று அழைக்கும் வர்ஜீனியா அருவி, நயாகராவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். 90 மீட்டருக்கும் மேல். அருவிக்கு முன்பே கரையேறி, படகு, கூடாரம், சமையல் சாமான், உணவு எல்லாவற்றையும் தோளில் ஏற்றி, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான காட்டுவழியில் நடந்து அருவியின் அடிக்கு இறங்க வேண்டும். இப்படிக் கரைவழியே சுமந்து கடப்பதைப் போர்டேஜ் என்கிறார்கள். பழைய ரோமத் தோல் வணிகக் காலத்துப் படகோட்டிகள், தலா 40 கிலோ எடையுள்ள இரண்டு பொதிகளை ஒரே நேரத்தில் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். நமக்கு அந்த வீராப்பு வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாமல் இரண்டு நடையாகச் சுமந்தால், இடையில் வெறுங்கையோடு திரும்பி வருவதையும் சேர்த்து மூன்று மடங்கு தூரம் நடக்கிறோம். ஒரு கிலோமீட்டர் மூன்றாகிவிடுகிறது. மூன்று நடை என்றால் ஐந்து.

ஆற்றுநீரின் பாய்ச்சலைத் தாங்கும் பதினேழு அடி பிளாஸ்டிக் கனூ 30 கிலோவுக்கு மேல் எடையிருக்கும். அதன் நடுவே கழுத்துக்கும் தோளுக்கும் பொருந்துமாறு செதுக்கிய குறுக்குக் கட்டை இருக்கும். படகைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கினால், சுமப்பவர் கண்ணுக்குத் தன் பாதமும் அதற்கு முன்னால் கொஞ்சம் மண்ணும்தான் தெரியும். கவிழ்த்த படகுக்குள் கொசுக்கள் கூடிக்கொள்ளும்; அடிக்கக் கை ஒழியாது. விளம்பரப் படங்களில் இந்தக் காட்சி வருவதில்லை.

எடை என்ன என்பதை உணவுதான் தீர்மானிக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த உணவு சுமார் 800 கிராம் என்று வைத்தால், ஆறு பேருக்குப் பத்து நாளுக்கு 48 கிலோ. அரிசி, பருப்பு, அவல், சத்துமாவு என்று பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிது. டின் உணவுக்குப் பழகியவர்களுக்கு முதுகு வலிக்கும். உணவை மூடி இறுகும் பிளாஸ்டிக் பீப்பாயில் அடைக்கிறார்கள். படகு கவிழ்ந்தாலும் மிதக்கும், நனையாது, கரடிக்கு எட்டும் வாசனையும் குறையும்.

அடுத்தது, பாய்ச்சல்கள். பாறைக்கும் குறுகலுக்கும் இடையே நீர் சீறி நுரைக்கும் இடங்களை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். கையேட்டில் தரம் போட்டிருக்கிறதே என்று நம்பி இறங்கக் கூடாது. 1:50,000 அளவு வரைபடத்தில் உயரக் கோடுகள் ஆற்றை எங்கே நெருக்கமாக வெட்டுகின்றன என்று பார்த்தால், ஆறு எங்கே சரிகிறது என்பது தெரியும். அருவிக்கு மேலே கனடா அரசின் நீர் அளவைத் துறை வைத்திருக்கும் அளவுமானி, ஓட்டத்தை இணையத்தில் உடனுக்குடன் காட்டுகிறது. பனி உருகும் ஜூன் மாதத்து ஆறும் ஆகஸ்ட் மாதத்து ஆறும் ஒன்றல்ல. மலையில் கனமழை பெய்தால் ஆகஸ்ட்டிலும் ஏறிவிடும்.

தரப்பட்டியலோடு ஒரு விதியும் உண்டு. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தாலோ, ஆளில்லாக் காட்டில் நெடும்பயணம் என்றாலோ, எந்தப் பாய்ச்சலையும் ஒரு தரம் கூட்டித்தான் மதிப்பிட வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் மூன்றாம் தரத்தில் விளையாடுகிறவர், இங்கே இரண்டாம் தரத்தையே தன் எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எல்லா அறிவுரையையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பேன். நஹானியின் தலைப்பகுதியான மூஸ் பாண்ட்ஸிலிருந்து தொடங்குவோர் பாறைகள் நிறைந்த பாய்ச்சல்களை நாள்கணக்கில் கடக்க வேண்டும், அது தேர்ந்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு அருவியிலிருந்து தொடங்கும் வாரக்கணக்குப் பயணமே போதும். அதிலும் ஆறு பாறைச் சுவரில் மோதித் திரும்பும் ‘எட்டு’ வடிவப் பாய்ச்சல் இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் அங்கேயும் கரைவழி உண்டு.

கரையேறிப் பார்க்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்தர் மோஃபாட்டின் கதை இருக்கிறது. இளம் வயதிலேயே ஆல்பனி ஆற்றில் படகு வலித்த அமெரிக்கர். 1955-இல், நிலவியலாளர் ஜோசஃப் டைரல் 1893-இல் போன, வட கனடாவின் டுபாண்ட் ஆற்று வழியில், ஐந்து இளைஞர்களோடும் மூன்று கனூக்களோடும் புறப்பட்டார். படமெடுப்பதிலும் ஓய்விலும் நாட்கள் கழிந்தன. உணவு குறைந்தது, வேட்டையாடிச் சமாளித்தார்கள். வடக்கே குளிர் முந்திக்கொண்டது. இழந்த நாட்களைப் பிடிக்கும் அவசரத்தில், செப்டம்பர் 14 அன்று ஒரு பாய்ச்சலை முன்னால் போய்ப் பார்க்காமலே இறங்கினார்கள். படகுகள் கவிழ்ந்தன. மோஃபாட் மூழ்கி இறக்கவில்லை. உறைநீரில் கிடந்து உடல் வெப்பத்தை இழந்து, கரை சேர்ந்த பின் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. மற்ற ஐவரும் பிழைத்தார்கள்.

அந்தப் பாய்ச்சலை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாட்காட்டி ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தது. எட்டு நாள் வழிக்குப் பத்து நாள் சாப்பாடு எடுத்துப் போகிறவர், காற்று அடித்தால் கூடாரத்தில் படுத்துத் தூங்கலாம். ஒரு பாய்ச்சலை அரைமணி நேரம் நின்று பார்க்கலாம். பயமாக இருந்தால் சுமந்தே கடக்கலாம். அவசரப்பட வேண்டிய தேவையே இராது.

சில ஏற்பாடுகளில் பேரம் பேசக் கூடாது. ஒற்றைப் படகில் போகவே வேண்டாம். ஒன்று கவிழ்ந்தால் மீட்க இன்னொன்று வேண்டும். பூங்கா நிர்வாகத்திடம் புறப்படும் முன் பெயர் பதிந்து, முடித்ததும் தெரிவிக்க வேண்டும், இது கட்டாயம். செயற்கைக்கோள் செய்திக் கருவி அவசியம்தான். ஆனால் பொத்தானை அழுத்தினால் ஹெலிகாப்டர் உடனே வந்து நிற்கும் என்று நினைப்பவர்கள், மலையில் மேகம் இறங்கினால் விமானமே பறக்காது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. குளிர்நீர் உடலில் படாமல் காக்கும் உலர் உடை வாங்கச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சி வகுப்புக்குச் செலவழிக்கலாம்.

ரொறொன்ரோவில் இருக்கும் தமிழர்களுக்கு இதையெல்லாம் பழகிப் பார்க்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. அங்கிருந்து சுமார் மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் அல்கோன்குவின் பூங்கா. கனூ வாடகைக்குக் கிடைக்கும். ஏரிக்கு ஏரி சுமந்து கடக்கும் இடங்களில் எல்லாம் மஞ்சள் பலகையில் தூரத்தை மீட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். சில நூறு மீட்டர் போர்டேஜ் உள்ள ஏரி வழியாகப் பார்த்து, ஒரு வார இறுதிக்குப் போய் வாருங்கள். டிக்சன் ஏரிக்கும் பான்ஃபீல்ட் ஏரிக்கும் இடையே உள்ள பலகையில் 5,305 என்று இருக்கும். முதல் வருடம் அந்தப் பக்கம் போக வேண்டாம்.