வளவில் ஓர் அத்தி மரம்

அரிதாக நிகழ்வதை ‘அத்தி பூத்தாற்போல’ என்பது தமிழ் வழக்கு. உண்மையில் அத்தி அரிதாகப் பூப்பதன்று. காய் என்று கருதப்படுவதன் உள்ளேயே அதன் பூக்கள் நூற்றுக்கணக்கில் மறைந்திருக்கின்றன.

அப்பூக்களைத் தேடி வருவது எள்ளளவேயான ஒரு குளவி. மகரந்தம் சுமந்த பெண்குளவி காயின் நுனித் துளையில் நுழையும்போதே பெரும்பாலும் சிறகு ஒடிந்துவிடும். உள்ளே சில பூக்களில் முட்டையிட்டு, ஏனையவற்றில் மகரந்தம் சேர்த்து, அங்கேயே மடியும். அதன் பெண்மக்கள் வெளியேறியபின் வாழ்வது ஓரிரு நாளே. அதற்குள் வேறோர் இளங்காயை அடைதல் வேண்டும். ஆகவே, ஒரு வட்டாரத்து அத்தி மரங்கள் அனைத்தும் ஒரே பருவத்தில் காய்க்குமாயின் குளவிக் குலம் அற்றுவிடும். அத்தியும் விதையின்றிப் போகும். ஒரு மரம் பழுக்கையில் மற்றொன்று அரும்பி நிற்பது இதனாலேயாம்.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தால் பலரும் அறிந்த ஊர். அத்தகைய ஊர்களின் வளவுகளில் மாவும் பலாவும் பருவம் முடிந்து ஓய்ந்தபின், குக்குறுவானுக்கும் குயிலுக்கும் வௌவாலுக்கும் பழம் தருவது அத்தியே. கல் வளைவின் உச்சியில் நடுக்கல் ஒன்று உண்டு. அதனைப் பெயர்த்தால் வளைவே சரியும். அமெரிக்க அறிஞர் றொபேட் பெயின் 1969இல் அப்பெயரைக் கடற்கரை நட்சத்திரமீனுக்குச் சூட்டினார். 1986இல் ஜோன் டெர்போர்க், பெரு நாட்டுக் காட்டின் அத்தியினங்களையும் அவ்வரிசையில் சேர்த்தார்.

“குரங்குக்கு விருந்து வைப்பதா?” என்று வளவுக்காரர் கேட்பது நியாயமே. பயிரழிவு மிகுந்தமையால், 2025 மார்ச் 15ஆம் நாள் இலங்கை முழுவதும் தோட்டங்களில் குரங்கும் மயிலும் எண்ணப்பெற்றன. அத்தி நட்டால் குரங்கு வாராது என்பார் சொல் நம்பத்தக்கதன்று. வரும். அத்தியை வெட்டினாலும் வரும். அப்போது அதற்கு எஞ்சுவது மாவும் குரும்பையுமே. எனவே அத்திக்கு உரிய இடம் வீட்டு முற்றமன்று, வளவின் கடைக்கோடி. ஓடைக்கரையாயின் மிக நன்று.

இம்மரம் 20 மீற்றருக்கு மேலும் உயரும். வேரும் அதற்கேற்ப ஓடும். கிணற்றையும் சுவரையும் விட்டு நன்கு விலக்கி, மாரி மழை தொடங்கும் ஐப்பசியில் கன்றை நடுதல் வேண்டும். இடமில்லாச் சிறு வளவினர் அத்தியை நடாமலிருப்பதே அறிவு. அவர்களுக்கு வேறொரு வழி உண்டு: பறவை எச்சத்தால் வேலிக்கு அப்பால் ஓடையோரம் தானே முளைத்த கன்றை வெட்டாது விடுதல். அயலவர் அத்தி ஓய்ந்திருக்கும் மாதத்தில் அது பழுக்கக்கூடும்.